சொல் குடியிருக்கும் இடம்

மட்டக்களப்பு வாவியின் பெயரைக் கேட்டதும் பாடும் மீன்களை நினையாதார் இலர். பூரணை இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியிற் செவியை வைத்தால் அவ்வொலி கேட்கும் என்பர். இனிய ஒலிதான்; ஆயினும் அதிற் சொல் இல்லை. சொல் என்னும் செல்வம் மனிதனுக்கே உரியது. அச்செல்வம் அவன் உடம்பில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? அவ்விடத்திலேயே ஒரு கட்டி வளரத் தொடங்கினால் யாது நேரும்? கட்டியை அகற்றும் வைத்தியர், அதனோடு சொல்லையும் அகற்றிவிடாமற் காப்பது எங்ஙனம்? இவை வைத்திய மாணவருக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. வீட்டில் ஒருவருக்கு மூளையிற் கட்டி என்று அறியும் நாளிலே, "உயிர் தப்புமா?" என்ற கேள்விக்கு அடுத்தபடியாக எழுவது, "பழையபடி எங்களோடு பேசுவாரா?" என்பதே.

இவ்வாராய்ச்சியின் தொடக்கம் 1861ஆம் ஆண்டைச் சார்ந்தது. பாரிசு நகரையடுத்த பிசெத்ர் வைத்தியசாலையில் லெபோர்ஞ் என்னும் ஒருவர் இருபத்தொரு ஆண்டுகளாக இருந்துவந்தார். பிறர் சொல்வதை அவர் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார். ஆனால் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது 'தான்' என்ற ஓரசை மட்டுமே. அவர் இறந்தபின் போல் புரோக்கா என்னும் சத்திரவைத்தியர் அவரது மூளையைப் பரிசோதித்து, இடப்புறத்து முன்பகுதியிற் சிதைவு இருப்பதைக் கண்டார். 1874இல் ஜேர்மானியரான வேணிக்கே, இடப்புறத்தில் இன்னும் பின்னேயுள்ள ஒரு பகுதி பழுதுற்றால், பேச்சு ஓடிக்கொண்டிருந்தாலும் பொருள் விளங்காமற்போகும் என்று காட்டினார். வலக்கைப் பழக்கமுள்ளோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவிலும், இடக்கைப் பழக்கமுள்ளோரில் எழுபது பேரளவிலும் மொழிக்கு இடப்பாதி மூளையே தலைமை தாங்குகிறது. வைத்தியர் முதலில் "எந்தக் கையால் எழுதுவீர்?" என்று கேட்பதன் காரணம் இதுதான்.

புரோக்காவின் காலத்தில், நோயாளி இறந்த பின்னரே மூளையைக் காண முடிந்தது. உயிருள்ளவரின் மூளையிலே மொழியைத் தேடும் முறையை வளர்த்தவருள் தலையாயவர் கனடாவின் மொன்றியல் நகரிற் பணிபுரிந்த வைல்டர் பென்பீல்ட் ஆவார். மூளைக்கு வலியுணர்ச்சி கிடையாது. ஆதலால் தலைத்தோலை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் ஒவ்வோரிடத்தையும் மிகச் சிறிய மின்னோட்டத்தால் தொட்டுப் பார்த்தார். படத்தைக் கண்டு பெயர் சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றுவிட்டால், அவ்விடத்திற் கத்தி படலாகாது என்பது பொருள். பென்பீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர்க் கிறித்தவ வைத்தியக் கல்லூரியில் இந்தியாவின் முதலாவது மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவை அமைத்தார். அடுத்த ஆண்டிலே சென்னைப் பொது வைத்தியசாலையில் பா. இராமமூர்த்தி இப்பணியைத் தொடங்கினார். நம் நாட்டில் 1956இல் கொழும்பில் இதற்கு அடிகோலியவர் ஷெல்டன் கப்ரால்.

பின்னர் வந்தன படக்கருவிகள். 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டின் எக்ஸ்கதிர்க் கணினிப் படம் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளைக்கட்டியைக் காட்டியது. அதன்பின் காந்தப் படம் வந்தது. 1990இல் செய்ஜி ஒகாவா என்னும் யப்பானிய அறிஞர், மூளையின் உருவத்தை மட்டுமன்றித் தொழிலையும் காந்தப் படத்தாற் காணலாம் என்பதற்கு வழிகாட்டினார். அதன் தத்துவம் எளியது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது, அங்கே ஒட்சிசன் நிறைந்த குருதி தேவைக்கு மேலாகவே பாய்கிறது. ஒட்சிசன் உள்ள குருதிக்கும் அதை இழந்த குருதிக்கும் காந்தத் தன்மையில் வேறுபாடு உண்டு. நோயாளி கருவியினுள் அசையாது படுத்து, "க என்னும் எழுத்திலே தொடங்கும் சொற்களை மனத்தில் நினையும்" என்று கேட்கப்படும்போது, குருதி மிகுந்த இடங்கள் படத்தில் ஒளிர்கின்றன. அவையே சொல்லைத் தேடும் இடங்கள். 1994 முதல் வளர்ந்த மற்றொரு முறை, நீர்மூலக்கூறுகள் நகரும் திசையை அளந்து, மூளையினுள்ளே ஓடும் நரம்புக் கற்றைகளைக் காட்டுகிறது. பேச்சின் முன்னிடத்தையும் பின்னிடத்தையும் இணைக்கும் வில்வடிவக் கற்றை இவற்றுள் முக்கியமானது. ஊர்கள் இரண்டும் நலமாயிருந்தும் இடையிலுள்ள பாலம் இடிந்தால் போக்குவரத்து நின்றுவிடும் அல்லவா? மூளையிலும் அவ்வாறே. பாரிசில் நூற்றாண்டுக்கு மேலாகப் பாதுகாக்கப்பட்டிருந்த லெபோர்ஞின் மூளையை இக்காலத்தார் காந்தப் படமெடுத்து ஆராய்ந்து, புரோக்கா மேற்பரப்பிற் கண்டதைவிடச் சிதைவு மிக ஆழமாகச் சென்றிருந்தது என்று 2007இல் அறிவித்தனர்.

ஆயினும், படம் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று கொள்ளலாகாது. கட்டி தன்னைச் சூழ்ந்த குருதிக்குழாய்களின் இயல்பைக் குலைத்துவிடும். அப்போது உண்மையில் வேலை செய்யும் பகுதியும் படத்திலே இருண்டு தோன்றலாம். அங்கே மொழி இல்லையென்று நம்பிக் கத்தி வைத்தால் பெருங்கேடு விளையும். அன்றியும், ஒளிரும் இடமெல்லாம் மொழிக்கு இன்றியமையாத இடமும் அன்று. ஆகையாற்றான் இன்றும் பல சத்திரசிகிச்சை நிபுணர் படத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, இறுதித் தீர்ப்பை விழித்திருக்கும் நோயாளியின் வாயிலிருந்தே பெறுகின்றனர்.

இங்கே நம்மவர் கருத்தூன்ற வேண்டிய ஒன்றுண்டு. 1978இல் ஓஜ்மன், விற்றேக்கர் என்னும் இருவர், இருமொழி பேசுவோரின் மூளையை மின்னோட்டத்தாற் சோதித்து, சில இடங்கள் இரு மொழிக்கும் பொதுவாயிருக்க, வேறு சில இடங்கள் ஒரு மொழிக்கே உரியனவாயிருப்பதைக் கண்டனர். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு, "இவர் மொழிக்கு ஆபத்தில்லை" என்று கூறுவது போதாது என்பது இதனாற் பெறப்படும். வீட்டிலே தமிழும், கந்தோரிலே ஆங்கிலமும், சந்தையிலே சிங்களமும் பேசுபவருக்கு எம்மொழி இன்றியமையாதது என்பதை வீட்டாரே வைத்தியருக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

தமிழிற் சோதிப்பதும் ஆங்கில வினாக்களை மொழிபெயர்ப்பதோடு முடிவதன்று. 'வந்தாள்' என்ற ஒரு சொல்லிலே வினையும் காலமும் பாலும் எண்ணும் இடமும் அடங்கியுள்ளன. விகுதி தவறுவதைக் கவனிக்காத சோதனை நோயின் பாதியைக் காணாது. பனி பொழியும் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பதினும், தோணியையும் வீச்சுவலையையும் காட்டிக் கேட்பது வாவிக்கரை மக்களுக்குப் பொருந்தும். 'மறுகா' என்றும் 'ஓம்கா' என்றும் பேசும் நம்மூர் முதியவரின் இயல்பான வழக்கை, பிற ஊரிலிருந்து வந்த சோதனையாளர் பிழையென்று குறித்துவிடுதலும் கூடும். நோயால் வந்த பிழை எது, பிறந்த மண்ணால் வந்த வழக்கு எது என்று பிரித்துச் சொல்ல வல்லவர் உடனிருக்கும் மனைவியோ மகனோ மகளோதான்.

மூளை கல்லன்று என்பது ஆறுதலான செய்தி. மெதுவாக வளரும் கட்டியாயின், அது நெருக்க நெருக்க, மொழியின் வேலையை அயலிலுள்ள பகுதிகளும், சிலரில் மறுபாதியும் ஏற்றுக்கொள்கின்றன. பேச்சிழந்த சிலர் பாட்டை இழப்பதில்லை என்பது 1745இலேயே சுவீடன் நாட்டிற் குறிக்கப்பட்டது. 1973இல், இசையோடு சேர்த்துச் சொல்லை மீட்கும் சிகிச்சை முறையொன்று அமெரிக்காவிலே வகுக்கப்பட்டது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை கேட்டும், அண்ணாவியாரின் கூத்துப்பாட்டைக் கேட்டும் வளர்ந்தவருக்கு, நெஞ்சிற் பதிந்த அப்பாட்டுகள் சிகிச்சைக்குத் துணையாகக் கூடும். பேச்சுச் சிகிச்சையாளரிடம் அதைச் சொல்லி வையுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அறிந்த பொருளுக்குப் பெயர் வராமல் ஒருவர் நாளுக்கு நாள் அதிகமாகத் தடுமாறுகிறார். சில நிமிடம் பேச்சு நின்று மீள்கிறது. வளர்ந்தவருக்கு முதன்முறையாக வலிப்பு வருகிறது. காலையில் தலையிடி மிகுந்து வாந்தியும் வருகிறது. இவற்றை "வயசு போய்விட்டது" என்றோ, "கண்ணூறு பட்டுவிட்டது" என்றோ தள்ளிவிடாதீர்கள். நேர்த்திக்கடனை வையுங்கள், வைத்தியசாலைக்கும் செல்லுங்கள். பேச்சுத் திடீரெனக் குழறி, வாய் ஒருபுறம் கோணினால், அது பக்கவாதமாயிருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. சொல்லுக்காகத் தவிப்பவரை அவசரப்படுத்தாமலும், அவர் சொல்ல வந்ததை முந்திச் சொல்லி முடித்துவிடாமலும் காத்திருங்கள். கருவிகள் எத்துணை நுட்பமானவையாயினும், ஒருவர் நேற்று எப்படிப் பேசினார் என்பதை அவை அறியா. அதை அறிந்தவர் வீட்டார் மட்டுமே.