தம்புள்ளையில் முடிசூடிய மன்னர்

வீட்டில் வளர்க்கிற நாய்க்கு வரி கட்டச் சொன்னால் என்ன செய்வீர்கள், நேயர்களே? நம்ம மாத்தளை மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களுக்கென்று ஒரு ராஜாவையே ஆக்கிக்கொண்டார்கள்!

அது 1848ஆம் ஆண்டு. வெள்ளைக்கார ஆட்சி நாய்க்கும் வரி போட்டது, துவக்குக்கும் வரி போட்டது. போதாததற்கு, ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் ரோட்டு வேலைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும் என்றது. பொறுத்துப் பார்த்த சனம், ஜூலை மாதக் கடைசியில் தம்புள்ளை குகை விகாரையில் திரண்டது. கண்டி அரச வம்சத்தில் வந்தவன் நான் என்று சொன்ன கொங்காலேகொட பண்டாவுக்கு, பிக்கு ஒருவர் அங்கே முடிசூட்டினார். வீர புரன் அப்பு பக்கத்துணையாக நின்றார்.

அந்த ராஜ்யம் நிலைக்கவில்லை. சில நாட்களிலேயே படை வந்து அடக்கியது. புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். எல்கடுவைப் பக்கம் பிடிபட்ட பண்டாவைக் கசையால் அடித்து, கடல் கடந்து மலாக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கேயே அவர் கண்ணை மூடினார். வரி போட்ட ஆளுநர் டொரிங்டனும் பதவியை விட்டு ஊர் திரும்ப வேண்டி வந்தது.

அடுத்த முறை தம்புள்ளைப் பாறைப் படியேறி மூச்சு வாங்க நிற்கும்போது, அந்த ஒரு நாளை நினைத்துக்கொள்ளுங்கள், நேயர்களே.