பெண் பிள்ளை கால்பந்தாடலாமா?



பன்னிரண்டு வயது வரை ஆடவிட்டு, பெரியவளானதும் “ஊர் என்ன சொல்லும்?” என்று மகளை மைதானத்தினின்று அழைத்துக்கொள்ளும் குடும்பங்கள் நம் பங்குகளில் இன்றும் உண்டு. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனை அவர்தம் வீட்டார் அவ்வாறு நிறுத்தியிருந்தால், இந்திய மகளிர் அணிக்கு ஒரு நடுக்கள ஆட்டக்காரரும், தமிழகக் காவல்துறைக்கு ஓர் உதவி ஆய்வாளரும் கிடைத்திருக்க மாட்டார். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-இல் மணிப்பூரை வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது.

சிறுமிக்கு முதலில் வேண்டுவது வெற்றியன்று. பாதத்தின் உட்புறத்தால் பந்தைத் தோழிக்குத் தட்டிவிடவும், வரும் பந்தை அடக்கி நிறுத்தவும், இரு கால்களாலும் பழக வேண்டும். பன்னிரண்டு வயது வரை நான்காம் எண் பந்தே ஏற்றது. தலையால் முட்டுவதற்கு அவசரம் வேண்டா. மூளை அதிர்ச்சிக்கு அஞ்சி, அமெரிக்கக் கால்பந்துக் கழகம் பத்து வயதுக்குட்பட்டோர்க்கு அதனை 2015-இல் விலக்கிவிட்டது.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி பயின்று வரும் ஆசிரியர்கள் இவற்றை அறிவர். அவர்கள் பயிற்றுகையில் தந்தையும் ஓரத்தில் நின்று “உதை, உதை!” என்று கூவினால், பிள்ளை யார் சொல்லைக் கேட்கும்? புனித ஜான் போஸ்கோ சிறுவரோடு தாமும் ஓடியாடினார். ஓரத்தில் நின்று அதட்டவில்லை.

ஞாயிறு காலைப் பயிற்சியால் திருப்பலி தவறுகிறதென்று சிலர் முறையிடுகின்றனர். மாலைத் திருப்பலிக்கு அழைத்து வாருங்கள். புழுதிக் காலோடு வந்தாலும் எவரும் முகஞ்சுளிக்காதபடி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.