முறுக்குக் கோலும் ஊர்தியின் உயரமும்

பாரவூர்தியின் முன்புறத்தைச் சற்றே உயர்த்திப் பெரிய ரயர்களைப் பூட்ட விரும்புவோர்க்குத் தொழிற்பட்டறைகளில் எளிய வழியொன்று சொல்லப்படுவதுண்டு. சட்டகத்தின் அடியிலுள்ள இரு திருகாணிகளைச் சில சுற்றுகள் இறுக்கினால் போதும். புதிய உறுப்பெதுவுமின்றி முன்புறம் எழுந்து நிற்கும். கோல் இறுகியமையால் வில் வலுத்துவிட்டது, இனிக் கூடிய பாரத்தைத் தாங்கும் என்ற நம்பிக்கையும் இதனோடு சேர்ந்தே பரவியுள்ளது. இந்நம்பிக்கை பிழையானது என்பதையும், பெற்ற உயரத்துக்கு ஈடாக ஊர்தி இழப்பது யாது என்பதையும் இங்கு நோக்குவோம்.

முறுக்குக் கோல் என்பது நேரான உருக்குக் கோல். அதன் ஒருமுனை சட்டகத்தில் பிணைக்கப்பட்டுள்ளது. மறுமுனை சில்லைத் தாங்கும் புயத்தோடு பொருந்தியுள்ளது. சில்லு மேலெழும்போது புயம் திரும்பிக் கோலை முறுக்குகின்றது. முறுகிய கோல் பழைய நிலைக்கு மீள முயல்வதே வில்லின் தொழிலாகின்றது. சுருளி வில்லின் கம்பியும் உண்மையில் முறுகியே தொழிற்படுகின்றது. ஆகவே முறுக்குக் கோலைச் சுற்றப்படாத சுருளி வில் எனலாம். 1934 இல் வெளிவந்த சிற்றோயன் முன்னிழுவைக் காரிலும், பின்னர் வொக்ஸ்வாகனிலும் இம்முறை கையாளப்பட்டது.

1988 ஆம் ஆண்டு மாதிரியாக ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் வெளியிட்ட நான்கு சில்லு இழுவைப் பாரவூர்திகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அவற்றில் முன்சில்லுகளுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் தண்டு, சுருளி வில் அமரவேண்டிய இடத்தினூடே செல்கின்றது. எனவே கீழ்ப்புயத்திலிருந்து பின்னோக்கி நீளும் முறுக்குக் கோல்கள் அமைக்கப்பட்டன. கோலின் பின்முனை சட்டகத்தின் குறுக்குத்தாங்கியிலுள்ள குறுநெம்பொன்றிற் பொருந்தும். அந்நெம்பைத் தள்ளி நிறுத்துவதே நாம் குறிப்பிட்ட திருகாணி. ஊர்தியின் இரு பக்கங்களையும் உரிய உயரத்தில் நிறுத்துவதற்காகவே அது அமைக்கப்பட்டுள்ளது.

கோலின் விறைப்பை நிர்ணயிப்பவை மூன்று: உலோகத்தின் இயல்பு, நீளம், விட்டம். நீளம் இரட்டித்தால் விறைப்பு அரைவாசியாகும். விட்டம் இரட்டித்தால் பதினாறு மடங்காகும். திருகாணி இம்மூன்றில் ஒன்றையும் மாற்றுவதில்லை. அது கோலின் பின்முனை நிற்கும் கோணத்தை மட்டுமே மாற்றுகின்றது.

கணிப்பொன்றின் மூலம் இதனைத் தெளிவாக்குவோம். 30 மில்லிமீற்றர் விட்டமும் 1.2 மீற்றர் நீளமும் உடைய உருக்குக் கோல், 0.4 மீற்றர் நீளமான கிடைப்புயத்தினூடாக 6,000 நியூற்றன் பாரத்தைத் தாங்குவதாகக் கொள்வோம். கோலின் மீதான முறுக்கம் 2,400 நியூற்றன் மீற்றர். கோல் ஏறத்தாழ 26 பாகை முறுகும். இப்போது திருகாணியை இறுக்கி முன்புறத்தை 50 மில்லிமீற்றர் உயர்த்துவோம். சில்லின் மீதுள்ள பாரம் மாறவில்லை. ஆதலால் ஓய்வு நிலையில் கோலின் முறுக்கமும் ஏறக்குறைய மாறுவதில்லை. புயம் கீழ்நோக்கிச் சாய்வதால் அது சிறிதளவு குறையவும் செய்யும். இறுக்கிய கோல் முன்னையிலும் கூடுதலாக முறுகி நிற்கின்றது என்னும் எண்ணம் இவ்விடத்திலேயே தகர்கின்றது.

அவ்வாறாயின் இழப்பு எங்கே? சில்லு மேலே 75, கீழே 75 மில்லிமீற்றர் அசையக்கூடியதாக இருந்தது எனக் கொள்வோம். உயர்த்திய பின் அது மேலே 125, கீழே 25 என்றாகின்றது. குழியொன்றில் இறங்கவேண்டிய சில்லு, சிறிது இறங்கியதும் கீழ்த்தடையில் முட்டி, நிலத்தை விட்டு நீங்கக்கூடும். நிலத்தைத் தொடாத ரயருக்குப் பிடிப்பில்லை. தடுப்பை அழுத்தும்போதும் வளைவிலே திரும்பும்போதும் இதன் விளைவு பாரதூரமானது. பயணம் கடினமாகிவிட்டது எனச் சாரதிகள் கூறுவதன் காரணமும் பெரும்பாலும் இதுவே. வில் விறைக்கவில்லை, அதன் அசைவிடம் சுருங்கியுள்ளது.

மேற்றடை வரை சில்லு எழும்போது கோல் முன்னர் 37 பாகை முறுகியது. இப்போது ஏறத்தாழ 44 பாகை முறுகும். அதாவது உச்சத் தகைப்பு ஐந்திலொரு பங்கு அளவு கூடுகின்றது. இழுவைத் தண்டின் மூட்டுகள் கூடிய கோணத்தில் சுழன்று விரைவில் தேய்கின்றன. சில்லின் சாய்வும் திசையும் மாறுவதால், அவற்றை மீண்டும் சீர்செய்யாவிடின் ரயர் ஒருபுறமாகத் தேயும். ஊர்தியின் ஈர்ப்பு மையமும் உயர்கின்றது.

இவ்வேலையைச் செய்யும் தொழிலாளியின் பாதுகாப்பும் கருதத்தக்கது. நமது எடுத்துக்காட்டில், ஊர்தி நிலத்தில் நிற்கும்போது ஒரு கோலில் மட்டும் 540 யூல் அளவு சக்தி தேங்கியுள்ளது. 55 கிலோகிராம் நிறை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது ஒப்பாகும். சட்டகத்தை உறுதியாகத் தாங்கிச் சில்லுகளைத் தொங்கவிட்ட பின்னரும் அதில் ஒரு பகுதி எஞ்சியிருக்கும். எனவே, நெம்பைப் பற்றிக்கொள்ளும் உரிய கருவியின்றித் திருகாணியைக் கழற்றுவது கையையோ உயிரையோ பணயம் வைப்பதாகும்.

கூடிய பாரத்தை ஏற்றுவதே நோக்கமாயின் தடித்த கோலே தேவை. விட்டத்தைப் பத்திலொரு பங்கு கூட்டினாலே விறைப்பு 46 சதவீதம் உயரும். அப்போதும் அச்சும் தடுப்பும் சட்டகமும் தாங்கும் எல்லையை மீறலாகாது. திருகாணி தருவது உயரம் மட்டுமே. அவ்வுயரமும் சில்லு கீழிறங்குவதற்கென இருந்த இடத்திலிருந்தே எடுக்கப்படுகின்றது. திருகாணி இறுக்கப்பட்டதை நம்பி மேலதிக மூடைகளை ஏற்றுபவர், ஊர்தி பெற்றிராத வலுவின்மீதே தம் பாரத்தை வைக்கின்றார்.