மாடியில பூண்டு போட்டா பணம் மிச்சமாகுமா? ஐந்து பைகளுக்கான முழு கணக்கு



2024 பிப்ரவரியில நம்ம ஊர் கடைகள்ல பூண்டு விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டிச்சு ஞாபகம் இருக்கா? அப்போ தொடங்கின பேச்சுதான் இது: "மாடியில நாமளே பூண்டு போட்டா என்ன?" ஒரு பல் நட்டா ஒரு முழுப் பூண்டு, அதாவது பத்துப் பல் கிடைக்கும். ஒண்ணு போட்டா பத்து! எந்த எஃப்டி தரும் இந்த ரிட்டர்னை?

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தா என்ன ஆகும்ங்கிறதுக்குப் பூண்டு ஒரு நல்ல பாடம். வாங்க, ரூபாய்ல போட்டுப் பாத்துடலாம்.

முதல்ல, பிரச்சினை எவ்வளவு பெருசு?

மூணு, நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மாசம் அரைக் கிலோ பூண்டுன்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 6 கிலோ. வருஷம் முழுக்க கிலோ 300 ரூபாய்னே விலை இருந்தாலும் மொத்தச் செலவு 1,800 ரூபாய். மாசத்துக்கு 150. ஒரு பிரியாணி ஆர்டரைவிடக் கம்மி.

அதாவது, பூண்டையே காசு கொடுத்து வாங்காம இருந்தாக்கூட வருஷத்துக்கு மிச்சமாகுறது அவ்வளவுதான். இதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

ஒரு பைக்கு எவ்வளவு ஆகும்?

இரண்டடிக்கு ஓரடி அளவுள்ள குரோ பேக் ஒண்ணு எடுத்துக்குவோம். பல்லுக்குப் பல் 10 செ.மீ. இடைவெளி விட்டா 18 பல் நடலாம். கீழே இருக்கிற விலையெல்லாம் உதாரணத்துக்கு. உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

- குரோ பேக்: 120 ரூபாய்
- செம்மண், கோகோபீட், மண்புழு உரம் கலந்த கலவை, சுமார் 40 லிட்டர்: 300 ரூபாய்
- விதைப் பூண்டு: 20 ரூபாய்

மொத்தம் 440 ரூபாய். ஐந்து பைக்கு 2,200.

ஒரு பூண்டு 20 கிராம் வந்தா ஒரு பைக்கு 360 கிராம். ஐந்து பைக்கு 1.8 கிலோ. கிலோ 300 ரூபாய்னா அதோட மதிப்பு 540 ரூபாய்தான். முதல் வருஷம் 1,660 ரூபாய் கையை விட்டுப் போகுது.

சரி, இரண்டாவது வருஷம் பையும் மண்ணும் இருக்கே? உரம், விதைன்னு பைக்கு 80 ரூபாய், ஐந்து பைக்கு 400. விளைச்சல் 540. மிச்சம் 140 ரூபாய். இந்த வேகத்துல போட்ட பணம் திரும்ப வர கிட்டத்தட்ட 12 வருஷம் ஆகும். வெயில்ல கிடக்கிற பை மூணு, நாலு வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம்.

விலை 120 ரூபாய்க்கு இறங்கிட்டா? 1.8 கிலோவோட மதிப்பு 216 ரூபாய். செலவழிச்ச 400கூட வராது.

வெயில் வேற குறுக்க நிக்கும்

மேல போட்ட கணக்கு நல்லா விளைஞ்சா மட்டும்தான். பூண்டு குளிர் கேக்கிற பயிர். செடிக்கோ விதைக்கோ சில வாரம் குளிர் கிடைச்சாத்தான் அடியில பல் பல்லாப் பிரிஞ்சு பூண்டு உருவாகும். அதனாலதான் தமிழ்நாட்டுல கொடைக்கானல், நீலகிரி மலைகள்ல விளையுது. புவிசார் குறியீடு வாங்கினதும் கொடைக்கானல் மலைப் பூண்டுதான். சென்னை, மதுரை, திருச்சி மொட்டை மாடியில தாள் செழிப்பா வரும். அடியில பல் பிரியாத ஒத்தைப் பூண்டு வரலாம், அதுவும் வராம போகலாம். விதைப் பூண்டை நாலு முதல் ஆறு வாரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு, அக்டோபர், நவம்பர்ல நட்டா வாய்ப்பு கூடும். ஆனா உத்தரவாதம் கிடையாது.

இன்னொரு விஷயம், பூண்டு நாலஞ்சு மாசம் பையை அடைச்சுக்கும். அதே பையில கீரை போட்டா 25, 30 நாள்ல அறுக்கலாம். ஐந்து மாசத்துல நாலு தடவை, தடவைக்கு 20 ரூபாய்க் கட்டு இரண்டுன்னு வெச்சாக்கூட 160 ரூபாய். பூண்டுல அதே பை கொடுக்கிறது 108. இதைத்தான் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்னு சொல்றோம். சீக்கிரம் வாடுற கீரை, புதினா, கறிவேப்பிலையை வீட்டுல வளர்க்கிறதுல அர்த்தம் இருக்கு. மாசக்கணக்கா கெடாம இருக்கிற பூண்டைக் கடையில வாங்கிக்கலாம்.

அப்போ பூண்டுல காசு எங்க மிச்சம்?

வாங்குற மாசத்துல!

நாட்டுல பூண்டு அதிகம் விளையுறது மத்தியப் பிரதேசத்துல. மந்த்சௌர், நீமச் பக்கம் பெரிய சந்தைகள் இருக்கு. 2022ல அங்க விலை கிலோ சில ரூபாய்க்கு விழுந்து, விவசாயிங்க பூண்டை ஆத்துல கொட்டின செய்தி வந்துச்சு. நஷ்டப்பட்டவங்க அடுத்து கம்மியாப் போடுவாங்க, வரத்து குறையும், விலை ஏறும். ஏறின விலையைப் பார்த்து மறுபடி நிறைய பேர் போடுவாங்க, விலை இறங்கும். வருஷத்துக்குள்ளயும் இதே மாதிரி ஏத்த இறக்கம் உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடை. புதுப் பூண்டு வந்ததும் விலை இறங்கும். வருஷக் கடைசியில இருப்பு குறையும்போது ஏறும்.

அதனால ஏப்ரல்ல நல்லாக் காய்ஞ்ச பூண்டா 3 கிலோ வாங்குங்க. கிலோ 120னா 360 ரூபாய். காய்ஞ்சு, கெட்டு அரைக் கிலோ போயிட்டாலும் மிச்சம் 2.5 கிலோ. அதையே வருஷக் கடைசியில 300 ரூபாய்க்கு வாங்கினா 750 ஆகும். ஒரே ஒரு தடவை சந்தைக்குப் போனதுல 390 ரூபாய் மிச்சம். ஐந்து பை இரண்டாவது வருஷம் கொடுத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல!

வலைப் பையில போட்டு காத்தாட தொங்க விடுங்க. பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெச்சா பூசணம் பிடிக்கும். ஃப்ரிட்ஜ் குளிர்ல முளைவிட்டுடும்.

ஆசைக்கு ஒரு தொட்டி

அப்படியும் முளைக்கிற பல்லைத் தூக்கிப் போடாதீங்க. பழைய பெயிண்ட் வாளியில அடியில ஓட்டை போட்டு, மண் நிரப்பி, முனை மேல பார்த்த மாதிரி இரண்டு செ.மீ. ஆழத்துல நடுங்க. இரண்டு, மூணு வாரத்துல பூண்டுத்தாள் வெட்டலாம். ஆம்லெட், துவையல், ஃப்ரைடு ரைஸ் எதுல போட்டாலும் அருமை. முதலீடு கிட்டத்தட்ட பூஜ்யம்.

தோட்டம் போடுறது மனசுக்கு நல்லது, தாராளமாப் போடுங்க. ஆனா அந்தச் செலவை பட்ஜெட்ல "பொழுதுபோக்கு"ங்கிற இடத்துல எழுதுங்க, "சேமிப்பு"ல எழுதாதீங்க. "வீட்டுலயே வளர்த்து மாசம் ஆயிரக்கணக்குல சம்பாதிக்கலாம்"னு யாராவது 5,000 ரூபாய் கிட் விக்க வந்தா மூணே கேள்வி கேளுங்க: மொத்த விளைச்சல் எத்தனை கிலோ? விலை பாதியானா என்ன ஆகும்? போட்ட பணம் எத்தனை மாசத்துல திரும்பும்? பதில் சதவீதத்துல வேண்டாம், ரூபாய்ல சொல்லச் சொல்லுங்க.

உங்க வீட்டுல பூண்டுக்கு மாசம் எவ்வளவு ஆகுது? கணக்குப் போட்டு கமெண்ட்ல சொல்லுங்க, பாக்கலாம்.