காசல்ரீ கரையில் ஓர் இரவு: அடுப்பு யார் பொறுப்பு?



பாடசாலை விடுமுறை கிட்டிவிட்டால் "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க வாப்பா" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். விடுதிக் கட்டணங்களை விசாரித்தால் தலை சுற்றுகிறது. ஆனால் ஒரு கூடாரமும், நாலு பாத்திரங்களும், ஒத்துப்போகும் இரண்டு மூன்று குடும்பங்களும் இருந்தால் மலைநாட்டில் ஓர் இரவை மிகக் குறைந்த செலவில் கழித்துவிடலாம். எங்கள் குடும்பத்தினர் விரும்பிச் செல்வது காசல்ரீ நீர்த்தேக்கக் கரைக்குத்தான்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் நோக்கிப் போகும்போது தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே நீர்ப்பரப்பு விரிவதைக் காண்பீர்கள். கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் இது. 1965 இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு இங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. மேகம் விலகினால் தூரத்தில் பாவாதமலையின் கூம்பு தெரியும். 1344 இல் இப்னு பதூதா ஏறிய மலை அதுதான் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், பாடப் புத்தகத்தில் படிக்காத ஆர்வத்துடன் கேட்பார்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை போவதே நல்லது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் கூடாரமும் நிற்காது, அடுப்பும் எரியாது. கரையோர நிலம் தோட்டங்களுக்கும் அரசாங்கத்துக்கும் உரியது. ஆகவே முன்கூட்டியே விசாரித்து, அனுமதியுள்ள இடத்தில் மட்டும் கூடாரம் அடியுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். இத்தகைய பயணம் பெரும்பாலான வீடுகளில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் உல்லாசம். வீட்டில் காஸ் அடுப்புக்கு முன்னால் நின்ற உம்மா, இங்கே வந்து மூன்று கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார். ஆண்கள் பாயை விரித்துப் போட்டு, "தேத்தண்ணி ரெடியா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். திரும்பி வந்த பிறகு "குளம் எப்படி இருந்தது?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். அவர் குளத்தைப் பார்த்திருந்தால்தானே சொல்வதற்கு! நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தமது குடும்பத்தாருக்கு ஒத்தாசையாக இருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருப்பதை நாமெல்லாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். கேட்டதோடு நின்றுவிடுகிறோம்.

ஆகவே எங்கள் கூட்டத்தில் ஓர் ஒழுங்கை வைத்திருக்கிறோம். வாகனத்தை விட்டு இறங்கியது முதல் மறுநாள் ஏறும் வரை அடுப்பு ஆண்களின் கையில். பெண்கள் யோசனை சொல்லலாம், அகப்பையைத் தொடக் கூடாது. (யோசனை தாராளமாகவே கிடைக்கிறது.) இந்த ஒழுங்கு நடக்க வேண்டுமானால் ஆண்களால் சமைக்கக்கூடிய சாப்பாடாக இருக்க வேண்டும். காட்டில் வந்து புரியாணிக்குத் தம் போடுவது வீண் வேலை. எளிய சாப்பாட்டை நன்றாகச் செய்தால் அதன் ருசியே தனி.

முதல் நாள் பகலுக்கு வாழையிலைச் சோற்றுப் பார்சல். இலையை நெருப்பில் வாட்டிக் கட்டினால் கிழியாது. 2017 இல் லஞ்ச் சீற்றைத் தடை செய்தபோது முணுமுணுத்தவர்கள் பலர், ஆனால் இலையில் ஊறிய சோற்றின் மணத்துக்கு அது எந்தக் காலத்திலும் ஈடாகவில்லை. இதை மட்டும் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போக வேண்டும். அதையும் எல்லோருமாகச் சேர்ந்து கட்டுங்கள். தேங்காய்ப்பால் சேர்த்த கறி பாதை வெயிலிலேயே புளித்துவிடும். இறைச்சியை மிளகு, மஞ்சள், உப்பு, வினாகிரி சேர்த்து நீர் வற்றும் வரை வரட்டி எடுங்கள். கூடவே சீனிச்சம்பல் போதும்.

இரவுக்குச் சுட்ட கோழி. உள்ளி, இஞ்சி, தயிர், மிளகாய்த்தூள் தடவி முந்திய நாளே உறைய வைத்து, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பிக் கொண்டுபோனால் கெடாது. அந்த இரவே முடித்துவிடுங்கள், மறுநாளைக்கு வைக்க வேண்டாம். தணல் நன்றாகச் சிவந்த பிறகே கம்பி வலையை வைக்க வேண்டும். சுவாலையில் வைத்தால் வெளியே கரியும், உள்ளே பச்சையும்தான். ஹட்டன் சந்தையில் வாங்கிய உருளைக்கிழங்கைத் தோலோடு சாம்பலுக்குள் புதைத்து வைத்தால், கோழி வேகும் நேரத்துக்குள் அதுவும் வெந்துவிடும்.

ரொட்டிக்கு மாவையும் உப்பையும் வீட்டிலேயே அளந்து கொண்டுபோங்கள். தேங்காயைக் கரையிலேயே துருவுங்கள். திருவலையைப் பெரிய பிள்ளைகளிடம் கொடுத்தால் சண்டை போட்டுக்கொண்டு துருவுவார்கள். செத்தல் மிளகாய், வெங்காயம், மாசி, உப்பு இடித்து, தேசிக்காய் பிழிந்த கட்டைச்சம்பல் பக்கத்தில் இருந்தால் வேறு கறி தேட வேண்டியதில்லை. எல்லோரும் சஹனில் அமர்ந்து சாப்பிடுங்கள். கழுவும் பாத்திரமும் குறையும், மிச்சமும் குறையும்.

காலைக்குப் பருப்பும் மீதி ரொட்டியும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் மீற்றருக்கு மேலான உயரத்தில் தண்ணீர் சுமார் 96 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ஆகவே பருப்பு, கடலை வகைகள் கரையோர ஊர்களில் வேகும் நேரத்தில் இங்கே வேகாது. இரவே ஊறப் போட்டுவிட்டால் விறகு மிச்சம்.

விறகென்றதும் சொல்ல வேண்டும்: தோட்டத்து மரங்களில் கை வைக்காதீர்கள். அடுத்துள்ள லயங்களில் இருப்பவர்களுக்கும் அடுப்பெரிக்க விறகு வேண்டும். அவர்களிடமே நியாயமான விலைக்கு இரண்டு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாத்திரம் கழுவுவதும் ஆண்களுக்கே. ஆனால் நீர்த்தேக்கத்தில் இறங்கிக் கழுவாதீர்கள். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கையாகின்றன. களனி நீரையே அம்பத்தலையில் சுத்திகரித்துக் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். நீங்கள் இங்கே கரைக்கும் எண்ணெயும் சவர்க்காரமும் கொலன்னாவையிலும் மருதானையிலும் உள்ள உங்கள் சொந்தக்காரர்கள் குடிக்கும் ஆற்றுக்குத்தான் போகின்றன. வாளியில் அள்ளிக் கரைக்கு மேலே கொண்டுவந்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, அந்தத் தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள். தண்ணீர் வற்றிய காலத்தில் கரை வெறும் சேறு, அதற்கப்பால் திடீர் ஆழம். பிள்ளைகள் தனியாக இறங்க விடாதீர்கள்.

அட்டைக்கு உப்புப் பொட்டலம், குளிருக்கு ஆளுக்கொரு போர்வை, டோர்ச், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர இரண்டு சாக்கு, இவற்றை மறக்க வேண்டாம்.

சுபஹ் தொழுததும் ஆண்களில் ஒருவர் பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டித் துண்டும் கொண்டுபோய்ப் பெண்கள் இருக்கும் பக்கம் வைத்துவிட்டு வரட்டும். பனி விலகி மலை தெரிய அரை மணித்தியாலம் ஆகும். அவர்கள் ஆறுதலாக இருந்து பார்க்கட்டும். அதற்குள் நீங்கள் கூடாரத்தைக் கழற்றி, அடுப்பில் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிடுங்கள். வரண்ட காலத்தில் மலைப்புல் பற்றினால் ஒரு சரிவையே கொண்டுபோய்விடும். சாம்பலுக்குப் பக்கத்தில் புறங்கையைப் பிடித்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் இன்னும் ஒரு வாளி ஊற்றுங்கள்.