தேக்காவிலிருந்து கோட்டைக் குன்றுக்கு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சிங்கப்பூருக்கு ஒரு நடை போய்வர வேண்டுமென்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். போனால் என்ன செய்கிறோம்? தேக்காவில் சேலை, முஸ்தபாவில் சாமான், வீரமாகாளியம்மன் சந்நிதியில் ஓர் அர்ச்சனை, வாழையிலையில் சாப்பாடு. பொழுது சாய்ந்ததும் ஜோகூருக்குப் பேருந்து ஏறிவிடுகிறோம்.

அடுத்த முறை அரைநாள் ஒதுக்குங்கள். பக்கத்திலேயே இருக்கிறது கென்னிங் கோட்டைக் குன்று. பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. வெள்ளைக்காரன் கோட்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நெருங்கிய சம்பந்தமே உண்டு.

போர் காணாத பீரங்கிகள்

மலாய்க்காரர்கள் இதை 'புக்கிட் லாராங்கான்', அதாவது தடுக்கப்பட்ட குன்று என்றார்கள். பழைய அரசர்கள் வாழ்ந்த இடமென்று அஞ்சி யாரும் ஏறமாட்டார்களாம். பிறகு ராபிள்ஸ் அங்கே வீடு கட்டிக்கொண்டார். 1859-இல் கோட்டை வேலை தொடங்கி 1861-இல் முடிந்தது. இந்தியாவின் முதல் வைஸ்ராய் கென்னிங் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

கட்டிய பிறகுதான் குறை தெரிந்தது. கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே நகரம் இருந்தது. சண்டை வந்தால் குண்டுகள் ஊர்மக்கள் தலையில்தான் விழும்! அதன் பீரங்கிகள் எதிரியைச் சுட்டதே இல்லை. ஊருக்கு மணி அறிவிக்கவே முழங்கின. 1907-இல் நீர்த்தேக்கம் கட்டுவதற்காகக் கோட்டையை இடித்தார்கள். வாசலும் சுவரின் ஒரு பகுதியுமே இன்று மிச்சம்.

நிலவறையில் எடுத்த முடிவு

அந்தக் குன்றின் வயிற்றில், சுமார் 9 மீட்டர் ஆழத்தில், பிரிட்டிஷ் படையின் நிலவறைத் தலைமையகம் இருக்கிறது. 1942 பிப்ரவரி 15 காலை, ஜெனரல் பெர்சிவல் தம் தளபதிகளோடு அங்கே கூடி, சரணடைவது என்று முடிவு செய்தார். அன்று மாலையே புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் கையெழுத்தும் ஆயிற்று.

இரண்டு நாள் கழித்து, தேக்காவை அடுத்த ஃபேரர் பார்க் திடலில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய இராணுவம் உருவாக அங்கேதான் வழி பிறந்தது.

தோட்டங்களில் நடந்தது என்ன? பால்வெட்டு நின்றது. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. பிறகு சயாமுக்கு ஆள் பிடித்தார்கள். 1943-இல் முடிந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்குப் போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பி வரவேயில்லை. அந்த நிலவறையில் எடுத்த முடிவு நம் லயத்து வாசல்வரை வந்து நின்றது.

பயணத்துக்குச் சில யோசனைகள்

ஜோகூரிலிருந்து வருவோர் குவீன் ஸ்திரீட்டில் இறங்கினால் தேக்காவுக்கு நடந்தே வரலாம். அங்கிருந்து ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம், டோபி காட். ஒரு காலத்தில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் துணி வெளுத்த இடம் அது. அந்தப் பெயர் வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வெயில் ஏறுமுன் குன்றேறுங்கள். படிகள் உண்டு, வழுக்காத செருப்பு, குடை, தண்ணீர் அவசியம். நிலவறை திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். முட்டி வலிக்காரர்களை மேலே இழுக்காமல், அடிவாரத்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் அமர வையுங்கள். செட்டியார்கள் எழுப்பிய அக்கோயிலுக்கும் 1859-தான் பிறந்த ஆண்டு. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் புறப்படும் காவடிகள் வந்துசேருவதும் அங்கேதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. ஜப்பான்காரன் காலத்தைச் சிறுவயதில் கண்டவர்கள் இன்று தொண்ணூறை நெருங்கிவிட்டார்கள். அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், சயாமுக்குப் போனவர்கள் யார், திரும்பியவர்கள் யார் என்று கேட்டு, பெயர்களைப் பிள்ளைகளைக் கொண்டே நோட்டுப்புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு குன்றேறுங்கள். வழிகாட்டி சொல்லாத பெயர்கள் அதில் இருக்கும்.