எழுத்துக்கு எண் தருவது யார்?

விருத்தாசலம் என்று கைபேசியில் தட்டுங்கள். நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. கருவிக்குப் பன்னிரண்டு எண்கள். 'வி'யில் வகரத்துக்கு ஓர் எண், கொக்கிக்கு இன்னோர் எண். 'த்'தில் தகரத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று. இணையத்தில் பெரிதும் புழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழுக்குரிய ஒவ்வோர் எண்ணும் மூன்று பைட் பிடிக்கும். ஆக, ஊர்ப்பெயருக்கு 36 பைட். ஆங்கில எழுத்தில் அதே பெயர் 13 பைட்டில் முடிந்துவிடுகிறது.

இந்த எண்களை வழங்குவது கலிபோர்னியாவில் இயங்கும் யூனிகோடு கூட்டமைப்பு. அது அரசும் அல்ல, ஐ.நா. அமைப்பும் அல்ல. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி முழு வாக்குரிமை பெற்றிருக்கும் சங்கம். ஈராயிரம் ஆண்டு எழுத்துமரபுள்ள மொழியின் இருக்கையை அவர்களா முடிவு செய்வது என்று கேட்பவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

ஆனால் பழி முழுவதும் அவர்களுடையது அல்ல. 1991-இல் வந்த முதல் பதிப்பில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களின் அமைப்பு, இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு 'இஸ்கி' தரத்தைப் பின்பற்றியது. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே சட்டகம். நம்மிடம் இல்லாத வர்க்க எழுத்துகளுக்காக 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவே மூன்று இடங்கள் இன்றும் காலி. 'ன' போய் 'ந'வுக்கு அடுத்து அமர்ந்துவிட்டது; 'ழ', 'வ'வுக்கு முன்னால் வந்துவிட்டது. எண் வரிசையில் சொற்களை அடுக்கினால் அகராதி வரிசை குலைந்துபோகும். அதைச் சீர்செய்யவே தனி அட்டவணை தேவைப்படுகிறது.

இதை இனி மாற்றவும் முடியாது. கொடுத்த எண்ணைத் திரும்பப் பெறுவதில்லை என்பது கூட்டமைப்பின் விதி. சூளையில் வெந்த களிமண் மறுபடி குழையாது என்பதை விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர்கள் அறிவார்கள், இதுவும் அப்படித்தான். அந்தக் கெட்டித்தன்மைதான் பழைய மின்னஞ்சலை இன்றும் படிக்க வைக்கிறது.

2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு யூனிகோடோடு 'டேஸ்-16' என்ற முறையையும் ஏற்றது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண். விருத்தாசலத்துக்கு ஏழு எண்கள், எண்ணுக்கு இரண்டு பைட் வீதம் 14 பைட் போதும். எழுத்திலக்கணத்துக்கு இசைந்த அழகான அமைப்பு. ஆயினும் அது நின்றது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். உரிய எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் கட்டங்களே தெரியும்.

அதே ஆண்டு, வடமொழி எழுதப் புழங்கிய கிரந்த எழுத்துக்கான யூனிகோடு தொகுதிக்குள் தமிழின் எ, ஒ, ழ, ற, ன ஆகியவற்றையும் சேர்க்கும் முன்மொழிவு கிளம்பியது. ஒரே வடிவத்துக்கு இரண்டு எண் இருந்தால் தேடல் தவறும். பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் போலி முகவரிகளையும் உருவாக்கலாம். அறிஞர்கள் எதிர்த்தார்கள். நவம்பரில் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி அவகாசம் கேட்டு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2014-இல் கிரந்தம் யூனிகோடுக்குள் வந்தபோது அந்த ஐந்தும் அதில் இல்லை. 2019 மார்ச்சில் வந்த 12-ஆம் பதிப்பிலோ மாகாணி, முந்திரி, உழக்கு, ஆழாக்கு என நம் பழைய கணக்கேடுகளின் 51 குறிகள் இடம்பிடித்தன.